காய்ந்த மக்காச்சோள மணியிலிருந்து மெக்சிகோ மதியச் சாப்பாடு: வீட்டில் செய்து பார்த்த பதிவு

மெக்சிகோ நகரத்து வீடுகளில் ஞாயிறு மதியம் சாப்பிடும் சாப்பாட்டை முழுசாக என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வேலை. முழுசாக என்றால் காய்ந்த மக்காச்சோள மணியை ஊறவைப்பதில் தொடங்கி, சூப், சோறு, குழம்பு, பீன்ஸ் என்று அவர்கள் பரிமாறும் அதே வரிசையில் பரிமாறி, சாப்பிட்ட பிறகும் மேசையை விட்டு எழாமல் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்களே, அது வரைக்கும். சூப்பும் குழம்பும் யாராவது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் வந்துவிடும். மக்காச்சோள மாவைத் தட்டிச் சுடும் டோர்ட்டியா ரொட்டிதான் மெனக்கெட வைக்கும். கடையில் கிலோ கணக்கில் சுடச்சுடக் கிடைப்பதை எதற்கு வீட்டில் செய்யவேண்டும் என்று இங்கிருக்கும் நண்பர்களே கேட்டார்கள். செய்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. இந்த ஊர் மேசைப் பழக்கங்களில் பாதிக்கு மேல், கல்லிலிருந்து இறங்கிய டோர்ட்டியா சூடும் மிருதுவும் குறையாமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை வைத்து உருவானவை. மாவு வேலையைச் செய்யாமல் அந்தப் பழக்கங்களைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

முதலில் சோளம். வேகவைத்து உப்பு மிளகாய்த்தூள் தடவிச் சாப்பிடும் இனிப்புச் சோளம் இதற்கு ஆகாது, பாப்கார்ன் சோளமும் ஆகாது. வயலிலேயே முற்றிக் காய்ந்த, மாவுச்சத்து நிறைந்த, மணியின் உச்சியில் சின்னக் குழி விழுந்த ரகம் வேண்டும். நான் தியாங்கிஸில் வாங்கினேன், அதாவது வாரத்தில் ஒருநாள் தெருவில் கூடாரம் போட்டு நடக்கும் சந்தையில். மெக்சிகோவில் 64 மக்காச்சோள இனங்கள் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் 59 இந்த மண்ணுக்கே உரியவை. சந்தையில் வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாமே கிடைக்கும். முதல்முறை செய்பவர்கள் வெள்ளையில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் சுண்ணாம்பு பட்டதும் நிறம் மாறுவது அதில்தான் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதைக்கடையில் விதைப்பதற்கென்று விற்கும் சோளத்தில் பூஞ்சைக்கொல்லி மருந்து தடவியிருப்பார்கள். சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறியிருந்தால் தொடவே தொடாதீர்கள். மருந்து போடாத தானியமாக, சாப்பாட்டுக்கு என்று கேட்டு வாங்கவேண்டும். வாங்கியதை ஒரு பாத்திரத் தண்ணீரில் கொட்டினால் உமியும் சொத்தை மணியும் மேலே மிதக்கும், அதை வழித்து எடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது சுண்ணாம்பு. நம் வெற்றிலையில் தடவுகிற அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். இங்கே மளிகைக் கடையில் சின்னப் பொட்டலமாகவும், சந்தையில் சுட்ட கல்லாகவும் விற்கிறார்கள். கல்லாக வாங்கினால் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் பூக்கும், அப்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். நான் பொடிதான் வாங்கினேன். ஊரிலிருந்து செய்து பார்க்க நினைப்பவர்கள் வாசனையோ நிறமோ சேர்க்காத, சாப்பிடத் தகுந்த சுண்ணாம்பாகத் தேட வேண்டும், சுவருக்கு அடிப்பது வேண்டவே வேண்டாம். அளவு சுலபம்: ஒரு கிலோ சோளத்துக்கு 10 கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர். பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமல் பூசியதாகவோ இருக்கட்டும். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பின் காரத்தன்மை அதை அரித்துவிடும். இங்கே பாட்டிமார் வீட்டில் நீலப் புள்ளி போட்ட எனாமல் பானை ஒன்று கட்டாயம் இருக்கும், அதில்தான் வேகவைப்பார்கள். என் மாடி வீட்டுச் செனோரா, அதாவது மாடி வீட்டு அம்மா, அவருடையதைக் கொடுத்து உதவினார்.

தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து, சோளத்தைக் கொட்டியவுடனே வெள்ளை மணிகள் மஞ்சளாக மாறும். இது கெட்டுப்போனதல்ல, மணியின் தோலில் இருக்கும் சில பொருள்கள் காரத்தில் அப்படி நிறம் மாறுகின்றன. மஞ்சள் வரவில்லை என்றால் சுண்ணாம்பு பழசு, வீரியம் போய்விட்டது என்று அர்த்தம். காற்றுப் பட்ட சுண்ணாம்பு மெல்ல மெல்ல வெறும் கல்தூளாக மாறிவிடும், அதனால் டப்பாவை இறுக மூடி வைக்க வேண்டும்.

அடுப்பில் நடுத்தரத் தீ. புத்தகங்களில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே என்று எழுதியிருக்கும். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் இந்த ஊரில் தளதளவென்று லேசாகக் கொதிக்க விட்டாலும் பாதகமில்லை. சமவெளியில் இருப்பவர்கள் தீயைக் குறைத்து, தண்ணீர் நடுங்கும் நிலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரம் கழித்து ஒரு மணியை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்க்க வேண்டும், தோல் வழுக்கிக்கொண்டு உரிய வேண்டும். பிறகு மணியைப் பல்லால் கடித்து நடுவைப் பார்த்தால், உள்ளே சுண்ணக்கட்டி நிறத்தில் வேகாத ஒரு புள்ளி இருக்க வேண்டும். அது இருந்தால் டோர்ட்டியாவுக்குச் சரி. அதுவும் வெந்து போயிற்று என்றால் மாவு பசையாகி ஒட்டும். பொசோலே என்ற சூப்புக்கு வேகவைக்கும்போதுதான் அந்தப் புள்ளி மறைந்து, மணி பூப்போல் விரியும் வரை விட வேண்டும். அடுப்பை அணைத்து, மூடி போட்டு, இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டேன். எட்டு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை ஊறலாம்.

அந்த இரவில் பானைக்குள் நடப்பது சாதாரண விஷயமில்லை. மணியின் தோலை உடம்போடு பிடித்துவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற நார்ப்பொருள் காரத்தில் கரைகிறது. தண்ணீர் உள்ளே இறங்கி மாவுச்சத்து ஓரளவு வீங்குகிறது, கால்சியம் மணிக்குள் ஏறுகிறது. வெறும் மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் உதிர்ந்துபோகும், ஆனால் இப்படி ஊறியதை அரைத்தால் கூடி வந்து உருண்டையாகிறது. அதைவிடப் பெரிய விஷயம், மணியில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ளும்படி விடுபடுகிறது. குவாத்தமாலாவின் தென்கடற்கரைப் பக்கம் கிடைத்த தடயங்களைப் பார்த்தால், இந்த முறை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழசு. வேதியியல் தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காப்பாற்றி வந்த அறிவு இது.

ஸ்பானியர்கள் மக்காச்சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பு போடும் பழக்கம் கூடப் போகவில்லை. விளைவு கொடூரமாக இருந்தது. ஸ்பெயினின் வடக்கே அஸ்தூரியாஸ் பகுதியில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை உழவர்களிடம் கழுத்தைச் சுற்றியும் கைகளிலும் தோல் சிவந்து வெடிக்கும் ஒரு நோயை மருத்துவர் காஸ்பர் கசால் 1735இல் கண்டு எழுதினார். அவர் இறந்த பிறகு 1762இல்தான் அந்தப் புத்தகம் வெளிவந்தது. அதுதான் பெல்லாக்ரா. தோல், வயிறு, மூளை என்று ஒவ்வொன்றாகத் தாக்கிக் கடைசியில் ஆளைக் கொல்லும். நியாசின் குறைவுதான் காரணம் என்பது தெளிவாக 1937 வரை ஆனது. அதுவரை இத்தாலியிலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் எத்தனையோ பேர் செத்தார்கள், அதே சோளத்தை அன்றாடம் தின்ற மெக்சிகோ உழவர்களுக்கு அந்த நோய் பெரிதாக வரவில்லை. இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், தக்காணத்தில் மக்காச்சோளத்தை அல்ல, ஜோவார் என்ற வெள்ளைச் சோளத்தையே சாப்பிட்டு வாழ்ந்த ஏழைகளிடம் பெல்லாக்ராவைக் கண்டு, லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதை அதற்கு ஒரு காரணமாக 1960களில் முன்வைத்தார். ஒரு பிடி சுண்ணாம்பு என்று அலட்சியமாகச் சொல்கிறோம், அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் பழுப்பு மஞ்சளாக, கைக்கு வழவழப்பாக இருக்கும். வாசனை மெக்சிகோ தெருமுனை டோர்ட்டியாக் கடையின் வாசனையேதான். நெஹயோத்தே என்ற அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். தோல் மொத்தத்தையும் தேய்த்துக் கழுவிவிட வேண்டியதில்லை. பசைபோல் ஒட்டியிருக்கும் தோலில் கொஞ்சம் மிச்சமிருந்தால்தான் மாவு வளைந்துகொடுக்கும். இப்போது கையில் இருப்பதுதான் நிக்ஸ்டமால்.

அரைப்பதற்குப் பக்கத்துத் தெரு மொலீனோவுக்குப் போனேன். எரிமலைக் கல் தட்டுகள் இரண்டு சுழலும் ஆலை, காலை ஆறு மணிக்கெல்லாம் வாளியோடு ஆட்கள் நிற்பார்கள். உரிமையாளர் வாளிக்குள் கையை விட்டு ஒரு மணியை நசுக்கிப் பார்த்துவிட்டு, “டோர்ட்டியாவுக்கா, தமாலுக்கா?” என்று கேட்டார். டோர்ட்டியா என்றால் கல்லை நெருக்கி நைசாக அரைப்பார், இலையில் கட்டி ஆவியில் வேகவைக்கும் தமாலுக்கு என்றால் கொரகொரப்பாக விடுவார். பிப்ரவரி 1ஆம் தேதி போனால் வரிசை தெருவுக்கே வந்துவிடும் என்றார். ஜனவரி 6ஆம் தேதி வெட்டும் வளையரொட்டிக்குள் சின்னக் குழந்தைப் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர்தான் பிப்ரவரி 2, கந்தேலாரியா அன்று எல்லாருக்கும் தமால் போட வேண்டும். அந்தக் கடனைத் தீர்க்க ஊரே முந்தின நாள் மாவு அரைக்கும்.

ஆலை வருவதற்கு முன்பு இதெல்லாம் மெத்தாத்தேயில் நடந்தது. மூன்று கால் வைத்த, சாய்வான எரிமலைக்கல் அம்மி என்று நினைத்துக்கொள்ளுங்கள், தரையில் முட்டி போட்டு, குழவியை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அரைக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவுக்குத் தினமும் நாலைந்து மணி நேரம் பெண்கள் அப்படி மண்டியிட்டுக் கிடந்தார்கள். 1920களிலும் 30களிலும் கிராமங்களுக்கு மின்சார ஆலைகள் பரவியபோது பல ஊர்களில் ஆண்கள்தான் எதிர்த்தார்கள், பெண்களுக்கு வேலை குறைந்தால் சும்மா இருப்பார்கள், ருசி போய்விடும் என்று. பெண்கள் சங்கம் சேர்ந்து ஆலை கேட்டுப் போராடினார்கள். செனோராவின் வீட்டு மெத்தாத்தேயில் நானும் மண்டியிட்டு அரைத்துப் பார்த்தேன், ஒரு கைப்பிடி மணி மாவாவதற்குள் தோளும் முதுகும் எரிந்தன. கல்லில் அரைத்த மாவுக்கு ருசி தனி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ருசிக்காக அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று எழுதுபவர்கள் ஒரு வாரம் முட்டி போட்டு அரைத்துவிட்டு எழுதட்டும். ஆலை வந்தது நல்லதுக்குத்தான்.

பக்கத்தில் ஆலை இல்லாதவர்களுக்குக் கையால் சுற்றும் இரும்பு ஆலை இருக்கிறது, மேசை விளிம்பில் திருகிப் பொருத்துவது. அதில் ஒருமுறை விட்டால் ரவை மாதிரிதான் வரும், தட்டுகளை இன்னும் இறுக்கி இரண்டாம் முறை விட வேண்டும். அப்போதும் கொஞ்சம் கொரகொரப்பு இருக்கும், டோர்ட்டியா சற்றுத் தடிப்பாக வரும், சாப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. நம் வெட் கிரைண்டரில் ஆட்டலாமா என்று கேட்டால், ஆட்டலாம், ஆனால் கல் சுழல்வதற்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும், மாவு தளர்ந்துவிடும். அதைக் கெட்டியாக்க, கடையில் விற்கும் காய்ந்த நிக்ஸ்டமால் மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைவதுதான் வழி. அந்தக் காய்ந்த மாவை 1949இல் நுவெவோ லியோன் மாநிலத்தின் செர்ரால்வோ ஊரில் தொடங்கிய மசேகா நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் சுட்டு அருகருகே வைத்துக் கடித்துப் பாருங்கள், மணியிலிருந்து செய்ததில் சோளத்தின் மணம் வாயில் நின்றுகொண்டே இருக்கும்.

மாவு, அதாவது மாசா, ஆலையிலிருந்து வரும்போது சூடாக இருக்கும். அதை மூடிப்போட்டு ஆறவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிசைய வேண்டும். இதில் பசையம் இல்லாததால் எவ்வளவு பிசைந்தாலும் இறுகாது, கெட்டுப்போகும் என்ற பயமும் வேண்டாம். பதம் பார்க்க ஒரு சின்ன உருண்டையை உள்ளங்கையில் வைத்து அழுத்த வேண்டும். விளிம்பு வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் அதிகம். இரண்டும் இல்லாமல் ஓரம் வழவழப்பாக விரிந்தால் சரி. ஈரத்துணி போட்டு கால் மணி நேரம் விட்டேன். மெக்சிகோ நகரத்தின் காற்று குளிர்காலத்தில் படுவறட்சி, உருண்டை பிடித்து முடிப்பதற்குள் முதல் உருண்டையின் மேல் தோல் காய்ந்துவிடும், அதனால் துணியை எடுக்கவே கூடாது. ஒரு கிலோ காய்ந்த சோளத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைய மாவு கிடைத்தது. முப்பது முப்பத்தைந்து கிராம் உருண்டையாகப் பிடித்தால் ஒரு பெரிய குடும்பம் வயிறாரச் சாப்பிடலாம்.

கொமால் எனப்படும் சுடுகல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரும்பில் கிடைக்கிறது, சுலபமானது. நான் ஓஹாக்கா மாநிலத்துச் சிவப்பு மண் கொமால் வாங்கியிருந்தேன், சான் மார்கோஸ் த்லாபசோலா ஊர்ப் பெண்கள் சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைபவை. புது மண் கொமாலை அப்படியே தீயில் வைத்தால் விரிசல் விடும், மாவும் ஒட்டும். அதற்கும் சுண்ணாம்புதான் மருந்து. சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, மேல்பக்கம் முழுக்கத் துணியால் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு மிகச் சின்னத் தீயில் ஏற்றி, அரை மணி நேரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீயைக் கூட்ட வேண்டும். கேஸ் அடுப்பின் தீ ஒரே இடத்தில் குத்துவதால் கொமாலுக்கும் பர்னருக்கும் நடுவில் ஒரு கனமான இரும்புத் தகடு வைத்தேன். வெள்ளைப் பூச்சு தேய்ந்து சிவப்பு தெரியத் தொடங்கினால் மறுபடி பூச வேண்டும். சூட்டோடு ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, தண்ணீரே காட்டக் கூடாது, உலர்ந்த துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும்.

சுடுவது வேகமான வேலை. பிளாஸ்டிக் பையை வெட்டி இரண்டு தாளாக்கி, அதற்கு நடுவில் உருண்டையை வைத்து, அச்சில் அழுத்தி, பாதி திருப்பி இன்னொரு முறை லேசாக அழுத்தினால் வட்டம் சீராக வருகிறது. கல்லில் போட்டதும் ஓரம் பெயரும் வரை, ஏறக்குறைய இருபது விநாடி. திருப்பிப் போட்டு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அடியில் பழுப்புப் புள்ளிகள் வரும் வரை. மறுபடி திருப்பினால் உப்ப வேண்டும். உப்பவில்லை என்றால் பெரும்பாலும் கல் சூடு போதவில்லை, அல்லது மாவு காய்ந்திருக்கிறது. செனோரா வந்து நின்று பார்த்துவிட்டு, “தீயைக் கூட்டுங்க ஹோவென், பயப்படாதீங்க” என்றார் (ஹோவென் என்றால் இளைஞர்), கூட்டியதும் அடுத்தடுத்தது பந்தாக எழுந்தது. முதல் திருப்பலில் மேல்புறம் ஒரு மெல்லிய தோல் மூடிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். சுட்டதை உடனே தடித்த பருத்தித் துணி விரித்த சிக்கிவீத்தே கூடைக்குள் போட்டு மூடிவிட வேண்டும். கல்லிலிருந்து எடுக்கும்போது சற்று விறைப்பாக இருப்பது, ஒன்றின் மேல் ஒன்றாகத் துணிக்குள் கிடந்து, தன் ஆவியிலேயே ஐந்து பத்து நிமிடத்தில் பட்டாக ஆகிறது. கல்லிலிருந்து வந்த முதலாவதை யாரும் கூடையில் போட விடமாட்டார்கள், உப்பைத் தூவிச் சுருட்டி அங்கேயே நின்று தின்ன வேண்டும். டோர்ட்டியாக் கடைக்கு அம்மாவோடு போகும் குழந்தைகள் கேட்டு வாங்கித் தின்பதும் இதைத்தான்.

மற்ற சமையலை எல்லாம் முன்கூட்டியே முடித்துவைத்திருந்தேன், இல்லாவிட்டால் கல்லடியை விட்டு நகர முடியாது. சேமியாவை எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, தக்காளி வெங்காயம் பூண்டை அரைத்து வடிகட்டி ஊற்றிச் செய்யும் தண்ணியான சூப். அடுத்து சிவப்புச் சோறு: அரிசியைக் கழுவி வடித்து எண்ணெயில் வறுத்து, தக்காளிச் சாற்றில், கிளறாமல், மூடி வேகவைப்பது. விருந்தாளிகளில் சைவர்கள் இருந்ததால் குழம்புக்குப் பொப்லானோ மிளகாயைத் தீயில் கருகச் சுட்டு, தோலுரித்து, நீளவாக்கில் கிழித்து, வெங்காயமும் இளஞ்சோளமும் சேர்த்துப் பாலாடையில் கொதிக்கவிட்டேன். பீன்ஸைப் பிரஷர் குக்கரில்தான் வைத்தேன். இந்த உயரத்தில் வெறும் பானையில் பாதி நாள் ஆகும். வெந்தபிறகு உப்பும் எபசோத்தே கீரையும். சோளத்தில் குறைவாக இருக்கும் லைசினும் டிரிப்டோஃபேனும் பீன்ஸில் இருக்கின்றன, அதனால் மேசையில் வேறு எது குறைந்தாலும் பீன்ஸ் குறையக் கூடாது. குடிக்க ஹமைக்கா, நம் புளிச்சக்கீரைக்கு உறவான செடியின் சிவந்த காய்ந்த புல்லி இதழை ஊறவைத்து வடித்துச் சர்க்கரை போட்டது.

விருந்தாளிகளை இரண்டு மணிக்கு அழைத்தேன், இரண்டரையிலிருந்து மூன்றுக்குள் வந்தார்கள். இங்கே இதுதான் மரியாதை, சொன்ன நேரத்துக்கு வீட்டு வாசலில் நிற்பது வீட்டுக்காரரை அவசரப்படுத்துவது. மதியச் சாப்பாடு, அதாவது கொமீதா, இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்தான், அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. காலையில் காப்பியும் ரொட்டியும், பத்து பதினொரு மணிக்கு ஏதாவது கனமாக, இரவில் இனிப்பு ரொட்டியும் பாலும் போதும். அலுவலகம் போகிறவர்கள் இதே வரிசையை ஃபோண்டா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடையில் கொமீதா கொரீதா என்ற பெயரில் சாப்பிடுகிறார்கள்: தண்ணிச் சூப், பிறகு சோறு, பிறகு குழம்பு, கடைசியில் ஒரு துண்டு இனிப்பு. அந்தக் கடைகளில் எழுந்து போகிறவர் முன்பின் தெரியாத பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து “புரொவேச்சோ” என்று சொல்லாமல் வெளியே போகமாட்டார், நன்றாகச் சாப்பிடுங்கள் என்ற வாழ்த்து. முகம் தெரியாதவர் சாப்பிடுவதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லும் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சோறு இங்கே குழம்புக்கு முன்னால், தனித் தட்டாக, சூப்பின் இரண்டாம் பங்காக வருகிறது. நம் ஆட்களுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும், குழம்பு எங்கே என்று சுற்றிலும் பார்ப்பார்கள். பிசைந்து சாப்பிடும் இடத்தில் இருப்பது டோர்ட்டியாதான். இடது கையில் ஒன்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சூப் குடிக்கும்போது நடுநடுவே கடிப்பார்கள், கிழித்து மடித்துப் பீன்ஸை அள்ளுவார்கள், தட்டில் மிஞ்சிய குழம்பை வழித்துத் துடைப்பார்கள். கூடையிலிருந்து எடுக்கும்போது துணியை விலக்கி, அடுக்கின் நடுவிலிருந்து சூடான ஒன்றை உருவி, உடனே துணியை மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் மேசையின் மறுமுனையிலிருந்து ஒரு கை வந்து மூடும், பேச்சு நிற்காது. சுட்டுச் சுட்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருந்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது: யார் கல்லடியில் நிற்கிறாரோ அவர் எல்லோரோடும் சேர்ந்து சாப்பிட முடியாது. நூற்றாண்டுகளாக அது வீட்டுப் பெண்ணாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் முறைவைத்து எழுந்து வந்து என்னை உட்காரச் சொன்னார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும், இதை யாராவது வீட்டில் செய்வதானால் கல்லடிக்கு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

பீன்ஸ் முடிந்து, களிமண் பானையில் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய காப்பி வந்த பிறகுதான் சோப்ரெமேசா, அதாவது சாப்பாட்டுக்குப் பிந்தைய மேசைப் பேச்சு, தொடங்குகிறது. தட்டுகளை எடுக்க நான் எழுந்தபோது செனோரா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தட்டை எடுத்தால் கிளம்புங்கள் என்று சொல்வதுபோல் ஆகிவிடுமாம். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும்கூட இப்படித்தான், சாப்பாடு ஒரு மணி நேரம் என்றால் அதற்குப் பிந்தைய பேச்சு இரண்டு மணி நேரம். பிள்ளைகள், வாடகை, அரசியல், கால்பந்து எல்லாம் அங்கேதான். கூடை மேசையிலேயே இருந்தது, ஆறிப்போனதையும் கை கிழித்துக் கிழித்து உப்புத் தொட்டுத் தின்றுகொண்டே இருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கியபோதும் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இதற்காகத்தான் அவ்வளவு வேலையும் என்று அப்போது முழுமனதோடு தோன்றியது.

மிச்சத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் இங்கே டோர்ட்டியாவை யாரும் குப்பையில் போடுவதில்லை. விறைத்துப் போனதை முக்கோணமாகக் கிழித்துக் காயவிட்டு, எண்ணெயில் பொரித்து, பச்சைத் தக்காளிச் சட்னியைக் கொதிக்கவைத்து அதில் புரட்டினால் மறுநாள் காலைக்குச் சிலாக்கிலேஸ். நேற்றையது சற்றுக் காய்ந்திருப்பதால்தான் எண்ணெய் குடிக்காமல் மொறுமொறுப்பாகப் பொரிகிறது, புதிதாகச் சுட்டதில் இது வராது. சுடாமல் மிஞ்சிய மாவை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் அடைத்து, குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம், அதற்குமேல் புளிக்கத் தொடங்கும். கை ஆலையைப் பயன்படுத்துபவர்கள் அன்றைக்கே பிரித்துக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், மாவு காய்ந்து உள்ளே பிடித்துக்கொண்டால் இரும்பு துருப்பிடிக்கும். அடுத்து நீலச் சோளம் வாங்கி வைத்திருக்கிறேன். அதன் நிறம் காரத்தில் பச்சையாக ஓடிவிடுகிறது, அதனால் கிலோவுக்கு 10 கிராமை 7 ஆகக் குறைத்து, அடுப்பில் வைக்கும் நேரத்தையும் குறைத்து, ஊறும் நேரத்தை மட்டும் அப்படியே விட்டுப் பார்க்கலாம் என்று ஆலைக்காரர் சொல்லியிருக்கிறார்.